தலையாட்டிய முப்பது டீச்சர்கள்

போன சனிக்கிழமை காலை, தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில், முப்பது ஆசிரியர்களோடு உட்கார்ந்து நானும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். அதற்கு மேலே பெரிய ஹெட்போன் மாதிரி ஒன்று - ரோட்டை உடைக்கிறவர்கள் சத்தத்துக்காக மாட்டிக்கொள்வார்களே, அது.

எதற்கு இந்தக் கோலம் என்கிறீர்களா? எல்லாம் ஸ்டெல்லாவால்.

ஸ்டெல்லா பீர்க்கன்கரணையில் எனக்கு எதிர்வீடு. பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருட சர்வீஸ். சரியாகக் காது கேட்காத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. ஸ்கூலில் இவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு லீவு நாளும் போச்சு. நீங்களும் வாங்கக்கா, எழுத ஏதாவது மேட்டர் கிடைக்கும்" என்று என்னையும் இழுத்துப் போனார்.

பஸ்ஸில் போகும்போதே விஷயம் வெளியே வந்தது.

"என் கிளாஸ்ல நிவேதான்னு ஒரு பொண்ணு. எட்டாவது. ரெண்டு காதுலயும் மெஷின். ரெண்டு வருஷமா எங்கிட்டதான் கணக்கு படிக்கிறா. புரிஞ்சுதான்னு கேட்டா நல்லா தலையாட்டுவா. பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. போன டெஸ்ட்ல பக்கத்துப் பொண்ணைப் பார்த்து எழுதினா, வெளிய நிக்க வச்சேன். இது சரிப்படாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்னு நான்தான் ஹெச்.எம்.கிட்ட சொன்னேன். திங்கட்கிழமை அவங்க அம்மா வந்து டி.சி. வாங்கிக்கிறாங்க."

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"அவகிட்ட என்னக்கா கேக்கறது? அதுக்கும் தலையாட்டுவா."

ஸ்பெஷல் ஸ்கூல் ஒன்றும் மோசமில்லை. விரும்பிப் போய் அங்கே பிரமாதமாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால், நிவேதாவின் அம்மா ஒரு லெதர் பேக் பட்டறையில் தையல் வேலை பார்க்கிறவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கொண்டுபோய் விட்டால் வேலை போகும். வேலைக்குப் போனால் பெண் வீட்டோடு நிற்பாள். எட்டாவதோடு படிப்பு முடிந்துவிடும்.

சரி, ஹாலுக்கு வருவோம்.

பயிற்சி கொடுக்க வந்தவர் கவிதா. முப்பது வயது இருக்கும். பொத்தேரியில் ஒரு காலேஜில் வேலை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மெஷின் போட்டு, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, நிதானமாகப் பேசுகிறார். எங்கள் காதுகளை எல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டு, பாடம் நடத்த ஆரம்பித்தார்.

எப்படித் தெரியுமா? நம் டீச்சர்கள் நடத்துகிற மாதிரியேதான். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினார். புஸ்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு வாசித்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார் - பின்னால் வெயில், முகம் இருட்டு. பத்து நிமிடம். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தெளிவாக உதட்டை அசைத்துக் கேட்டார். "புரிஞ்சுதா?"

முப்பது டீச்சர்களும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? எல்லாரும் ஆட்டினார்கள், அதனால்தான். வேறென்ன?

ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, புரிந்ததை எழுதச் சொன்னார். அவ்வளவுதான். டீச்சர்கள் எல்லாரும் மெதுவாகப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லா என் தாளைப் பார்த்தார். நான் அவர் தாளைப் பார்த்தேன். இரண்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தன.

காதைத் திறந்ததும் கவிதா சிரித்துக்கொண்டே சொன்னார். "மத்தியானம் சாப்பாடு கிடையாது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு எல்லாரும் மறுபடியும் இங்க வரணும். இதைத்தான் பத்து நிமிஷமா சொன்னேன். நீங்க எல்லாரும் சரின்னுட்டீங்க."

ஹாலில் ஒரே சிரிப்பு. ஞாயிறு ஆராதனையை ஒரு வாரம்கூட விடாத ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை.

"நானும் ஸ்கூல் முழுக்க தலையாட்டினவதான்" என்றார் கவிதா. "புரியலைன்னு சொன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. தலையாட்டிட்டா விட்டுடுவாங்க. அதனால தயவுசெஞ்சு புரிஞ்சுதான்னு கேக்காதீங்க. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க."

திரும்பி வரும்போது, பஸ் பெருங்களத்தூர் தாண்டுகையில், "ரெண்டு வருஷம்க்கா" என்றார் ஸ்டெல்லா. கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை அவரே வந்து சொன்னார்.

முதல் பீரியட். நிவேதாவை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாயைப் பிளந்து கத்தியிருக்கிறார். புது ஞானம் அல்லவா? அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், கத்தாதீங்க. மெஷின்ல காது வலிக்குது. எப்பவும் போல பேசுங்க, என்னைப் பார்த்து பேசுங்க, போதும்" என்றாளாம். இரண்டு வருடத்தில் அவள் ஸ்டெல்லாவிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு அம்மா வந்துவிட்டார். "எங்க மிஸ் கையெழுத்து போடணும்? சீக்கிரம் சொல்லு மிஸ், பட்டறையில ஒரு மணி நேரம்தான் பர்மிஷன் வாங்கிகினு வந்துகீறேன்."

"கையெழுத்து வேண்டாம்மா. அரையாண்டு வரைக்கும் டைம் கொடுங்க. தப்பு அவ மேல இல்ல" என்றார் ஸ்டெல்லா. ஹெச்.எம். முகத்தைச் சுளித்தாராம். ஆனாலும் டி.சி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"இன்னா மிஸ் சொல்றே, மெய்யாலுமா?" என்று அந்த அம்மா மூன்று தடவை கேட்டாராம். அப்புறம், அவ்வளவு அவசரமாக வந்தவர், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம்.

மத்தியானம் ஸ்டெல்லா நிவேதாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உனக்கு இதுவரைக்கும் எதெல்லாம் புரியல, எழுது" என்றிருக்கிறார். ஒரு தாள் போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கி, ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக எழுதிவிட்டாள். இனி தினமும் சாப்பாட்டு வேளையில் இருபது நிமிடம் - ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்து, அதை அடித்துவிடப் போகிறார்களாம்.

அந்த லிஸ்ட்டை ஸ்டெல்லா என்னிடம் காட்டினார். குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. ஆனால், கடைசியில் வேறு வேறு கையெழுத்துகளில் ஏழெட்டு வரிகள் இருந்தன.

"இதெல்லாம் யார் எழுதியது?"

"பின்னாடி பெஞ்சு பசங்க. எங்களுக்கும் இதெல்லாம் புரியல மிஸ்னு வந்து எழுதிட்டுப் போனாங்க."

அவர்கள் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும்.