முதலாளிக்கு மூச்சு முட்டிய காலை

பஞ்சர் கடைக்காரர்களே ரோட்டில் ஆணி போடுவார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. கடை போட்ட நாளிலிருந்து அந்தப் பழியைச் சிரித்தே தட்டிக்கழித்தவள் பஞ்சர் அக்கா. அன்றைக்கு விடியலில் மட்டும், சத்தியமாக, கை நிறைய அள்ளிப் போட்டாள்.

எதிரே ரப்பர் கழிவை எரிக்கும் பாய்லர் ஆலை. கடையின் பின்னறையில் அவள் புருஷன். படுத்தால் நெஞ்சை அடைக்கும் என்று உட்கார்ந்தபடியே தூங்கும் மனுஷன். இன்னொரு பனிக்காலம் இந்தப் புகையைத் தின்றால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு இடம் பார்க்கலாமே என்பீர்கள். வாய் சொல்லிவிடும், போக்கிடம் வேண்டாமா?

முதலாளியிடம் பலமுறை போய் நின்றாள். அந்த மகராசன் உச்சி வெயிலில்தான் ஆலைக்கு வருவார். "எங்கம்மா புகை? அது பாட்டுக்கு மேல போகுது பாரு" என்று வானத்தைக் காட்டுவார். அது பொய்யுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வெயில் ஏறினால் தரை சுடும். தரையோடு இருக்கும் காற்று சூடாகி, லேசாகி, புகையையும் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பும். பனிக்கால விடியலில் எல்லாம் தலைகீழ். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, அசையாமல் கிடக்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புகை எங்கே போகும்? நேரே அந்தப் பின்னறைக்குத்தான் வரும்.

கடைசியாகப் போனபோது அவர் சிரித்தார். "காத்த வித்துப் பொழைக்கிறவ நீ. உனக்குக் காத்தோட என்னம்மா சண்டை?" அவள் கடைக்குத் திரும்பினாள். அந்தச் சிரிப்பை மறப்பாளா என்ன?

அந்தப் பனிக்காலத்தில்தான், புது பாய்லரைத் தன் கையால் பற்றவைக்க முதலாளி விடியலிலேயே வருகிறார் என்று தொழிலாளிகள் பேசிக்கொண்டார்கள். அன்று விடியலில் சைக்கிளில் வந்த தொழிலாளிகள் எல்லாரும் உள்ளே போனார்கள். காரும் நுழைந்தது. பாவப்பட்டவன் சக்கரம் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டு வாசலில் ஆணியைத் தூவினாள். பற்றவைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கார் நொண்டி நொண்டி அவள் கடைக்கே வந்து சேர்ந்தது. முன்சக்கரம் இரண்டும் போயிருந்தன. ஸ்டெப்னி ஒன்றை வைத்துக்கொண்டு என்ன புண்ணியம்?

"சீக்கிரம் முடிம்மா."

"இறங்கிடுங்க ஐயா. ஜாக்கி வச்சிருக்கேன், உள்ள உக்காந்தா வண்டி சரிஞ்சிடும்."

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளோ ஆமை வேகத்தில் டயரைக் கழற்றினாள், தொட்டித் தண்ணீரில் உருட்டினாள், குமிழி வரும் இடத்தைத் தேடித்தேடிப் பார்த்தாள். கரும்புகை தெருவில் இறங்கிப் படுத்தது. அவர் இருமினார். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டும் இருமினார். அந்த இருமல் அவள் காதுக்குத் தேனாக இனித்தது. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

"என்ன இழவு நாத்தம் இது?"

"உங்க பாய்லர்தாங்க ஐயா. புதுசுல்ல, நல்லா எரியுது."

பின்னறையிலும் யாரோ இருமினார்கள். முதலாளி திரும்பிப் பார்த்தார். "உள்ள யாரு?"

"என் வீட்டுக்காரர். உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள். அவருக்குத் தினமும் இதே கதிதான்."

முதலாளியின் கண்ணில் நீர் வழிந்தது. மூச்சு விசில் அடித்தது. போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"அணைங்கடா... மொதல்ல அத அணைங்க. இனிமே வெயில் ஏறாம எவனும் பத்தவைக்கக் கூடாது. ஆமாடா, தினமும்தான்!"

அவள் கேட்க நினைத்தது முழுதாகக் கிடைத்துவிட்டது. மனசு இளகியதா? எங்கே இளக! இரண்டாவது சக்கரத்தையும் மாட்டினாள். கடைசி போல்ட்டைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"அணைக்கச் சொல்லிட்டேனே... ஏன் இன்னும் போகமாட்டேங்குது?"

"அணைச்ச உடனே போயிடுமா ஐயா? வெளிய விட்டது விட்டதுதான். வெயில் வந்து தரை சுட்டாத்தான் மூடி திறக்கும்."

இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அதுவரைக்கும் இருங்க. சேர்ந்தே இழுப்போம்."