முழங்கால் மழை

கிளியூருக்கு மேலே எங்கள் காப்பி எஸ்டேட்டில் மழையை அளந்தவர் லாசர் அண்ணன். கணக்கெழுதும் ரைட்டர் அறைக்கு எதிரே நட்டிருந்த செப்புக் குழாயில் விழுந்த தண்ணீரைத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து, எண்ணைக் கரும்பலகையில் எழுதுவார். குட்டையான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி. பலகையை யாரும் படித்ததில்லை. பழம் பறிக்கப் போகிற எங்களுக்கு நனைந்தாலே மழை தெரிந்துவிடும்.

ஒரு வருடம் புரட்டாசியில் வானத்தைப் பார்த்துப் பயந்துபோய், மேட்டுக்கு அடியிலிருந்த எங்கள் லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார். சட்டி பானையோடு எதிர்ப்பக்கம் மேலே இருந்த காப்பிக் கிடங்குக்கு ஏறினோம். மூன்று நாளும் சுள்ளென்று வெயில். இறங்கி வந்தபோது அத்தாயி அக்காவின் இரண்டு கோழிகளைக் கீரி கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு அவரைக் கண்டாலே, "ஏனுங்க லாசரு, துணி காயப்போடோணும். மழைன்னு எழுதி வையுங்க, வெயில் வரட்டும்" என்பார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்.

அடுத்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மேட்டின் அடியில் ஊறுகிற தண்ணீர் மூன்றாம் நாள் காலையில் செம்மண் கலங்கலாக வந்தது. குடத்தோடு போன நான் அதை லாசர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். குடத்துக்குள் கையை விட்டு மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். நேராக லயத்துக்கு இறங்கி, எல்லாரையும் மறுபடி கிடங்குக்கு ஏறச் சொன்னார்.

மற்றவர்கள் முனகிக்கொண்டே கிளம்பினார்கள். மேட்டை ஒட்டிய கடைசி வீடு அத்தாயி அக்காவுடையது. மருமகள் கண்ணாயி பிள்ளை பெற்று எட்டு நாள். தீட்டுக் கழியாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

"நானூத்திப் பத்து மில்லிமீட்டருங்க்கா. மேடு தாங்காதுங்க."

"அந்த மில்லிமீட்டரு எங்கோழியத் தின்னுபோட்டுது. இப்பப் பேரனக் கேக்குதாக்கும்?"

அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த அளவுகோலைத் தரையில் ஊன்றி அளந்து, கதவு நிலையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"மூணு நாளு பெஞ்சது ஓடாம நின்னிருந்தா இந்த ஒசரமுங்க்கா. இங்க மட்டுமில்லீங்க, மேடு பூராவும். பாதி ஓடிப்போயிருக்கும். மீதி உங்க ஊட்டுக்குப் பொறத்தால மண்ணுக்குள்ள நிக்குது. இன்னைக்கே சரியும்னு எனக்குத் தெரியாதுங்க. சரியாமயும் போகலாம். போன வருசம் என் தப்புத்தான், கோழி வாங்கித் தாரேன். பிள்ளைய வாங்கித் தர முடியாதுங்களே."

அக்கா கோட்டருகே காலை வைத்துப் பார்த்தார். முழங்காலைத் தொட்டது. திரும்பித் தூளியைப் பார்த்தார். அதன் அடி கோட்டுக்குக் கீழே தொங்கியது.

"எந்திரி சாமி" என்றார் கண்ணாயியிடம். பேரனைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். காத்துக்கருப்பு அண்டாமலிருக்க இன்னொரு கையில் அரிவாள். கண்ணாயியைத் தாங்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.

நான்கு மணி வரை ஒன்றும் நடக்கவில்லை. கிடங்கில் யாரோ சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். அப்போதுதான் சத்தம் கேட்டது. மேடு வழுக்கி இறங்கி, அந்த வீட்டின் அடுப்படியையும் தூளி தொங்கிய இடத்தையும் மூடிவிட்டது. வாசல் நிலை மட்டும் நின்றது.

அந்த வாரமே லாசர் அண்ணன் இரண்டு பெட்டைக் கோழிகளோடு வந்தார். அக்கா ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு வந்து மழை எவ்வளவு உயரம் என்று தன் காலில் தொட்டுக் காட்டுவார்.

"உங்க காலு நொம்பக் குட்டைங்க லாசரு, மழை எச்சாத் தெரியுது. எங்க காலுல காட்டுங்க" என்று அத்தாயி அக்கா, இடுப்பிலிருக்கும் பேரனின் காலைப் பிடித்து நீட்டுவார்.