நேற்று வருவேன்

மும்பையில் நான் இறங்கியபோது காலை ஒன்பது நாற்பது. கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் ஆறு சிவப்புப் பேனா. ஈப்போவில் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்கள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கட்டியிருக்கும் பேனரைத்தான் முதலில் வாசிப்பேன். "சாப்பிட வந்தியா, திருத்த வந்தியா?" என்று என் தம்பி கேட்பான். ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் சம்பளமில்லாத வகுப்பு உதவியாளராக இருக்க வந்திருந்தேன். நல்ல தமிழ் தெரிந்த ஆளாக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். என்னை விட்டால் வேறு யார் என்ற நினைப்பு எனக்கு.

செம்பூருக்கு டாக்சி 520 ரூபாய். பதினோரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தங்கியது ஒரு குடியிருப்புக் காலனியில், மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற தம்பதியின் வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரர் நாற்பது வருடம் லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய் வந்தவர். அன்று மாலையே ஒரு காகிதத்தில் தண்டவாளம் வரைந்து வழி சொன்னார்.

"செம்பூர்ல ஹார்பர் லைன் பிடிங்கோ. குர்லால இறங்கி ஸ்லோ லோக்கல் மாறினா அடுத்த ஸ்டேஷனே சயான். ஏறும்போதே எறங்கற பக்கமா நின்னுக்கோங்கோ, இல்லேன்னா தாதர்லதான் விடுவா."

முதல் திங்கட்கிழமை அவர் சொன்னதைக் கேட்காமல் ஜன்னலோரம் ஆசைப்பட்டு உள்ளே போய்விட்டேன். தாதர்வரை போய்த்தான் திரும்பினேன். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் இவ்வளவு தூரம் தள்ளப்பட்டது அதுதான் முதல் முறை. சயானில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடந்தால் பள்ளி. வழியெல்லாம் தோல் வாடையும் இட்லி ஆவியும் மாறி மாறி வரும். கடைப் பலகைகளில் தமிழ் இருந்தது. நான்கு பிழைகளை மனதுக்குள் திருத்திக்கொண்டே போனேன்.

எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். வகுப்பாசிரியை ஸ்டெல்லா டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பார், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. வாசிக்கத் திணறும் ஒன்பது பேரைப் பின்வரிசையில் உட்காரவைத்து என்னிடம் விட்டார். அந்த ஒன்பது பேரும் தமிழில் சண்டை போடுவார்கள், இந்தியில் சமாதானம் ஆவார்கள், எழுத்தைக் கண்டால் மட்டும் ஊமையாகிவிடுவார்கள். நாள்தோறும் ஒரே ஒரு வரி எழுதவைத்துத் திருத்துவது என் வேலை. முதல் வாரத்திலேயே ஒரு சிவப்புப் பேனா தீர்ந்துபோனது.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி இசக்கி. எட்டு வயது. திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ கிராமத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பிள்ளைகளை விடுவதில்லை, போனையும் விடுவதில்லை. போன் விட்டாலும் தொண்டையில் குழாய் இருப்பதால் அவளால் பேச முடியாது. மாலை ஐந்து மணிக்கு அப்பா மட்டும் பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். இதையெல்லாம் ஸ்டெல்லா டீச்சர்தான் சொன்னார்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி. மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க, இசக்கி டப்பாவைத் திறக்காமல் கோட்டுத்தாள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இந்தி வாசிக்கத் தெரியாது, தமிழ் தெரியும், அதனால் தமிழில் கடிதம் எழுத வேண்டும் என்றாள். எழுத்துகளை நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். வார்த்தைகள் அவளுடையவை. ஐந்து வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. வியர்வையில் தாளின் ஓரம் நைந்துவிட்டது.

"அம்மா நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். தம்பி ரோஜ் அழுவுதான். நான் நேத்து உன்னப் பாக்க வருவேன். இசக்கி."

'தினமும்' என்பதற்குப் பதில் அவள் போட்டிருந்த இந்தி 'ரோஜ்'ஐக்கூட விட்டுவிட்டு, என் பேனா நேராக நான்காவது வரிக்குப் போய் 'நேத்து'வைச் சுற்றி வட்டம் போட்டது. நேற்று எப்படிம்மா வருவாய் என்று கேட்டேன். அவள் விழித்தாள். அந்தப் பக்கமாக வந்த ஸ்டெல்லா டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தியில் நேற்றைக்கும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். தெருவில் அதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் தமிழிலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன, தன் மகனே அப்படித்தான் பேசுவான் என்றார். தமிழில் கல் என்றால் கல்தான் டீச்சர், அதற்காக விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசியதாக எனக்கு நினைப்பு.

இசக்கி தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"அப்பா இன்னைக்கு சாயங்காலம் கொண்டுட்டுப் போவாவ, டீச்சர்."

"இவ்வளவு பிழையோட அம்மாகிட்ட கொடுக்கலாமா? திங்கட்கிழமை நல்ல தாள்ல அழகா எழுதுவோம். அம்மா சந்தோஷப்படுவாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்தாள். நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, "அச்சா டீச்சர்," என்று இந்தியில் சரி சொன்னாள். நான் தாளை இரண்டாக மடித்துத் துணிப்பைக்குள் வைத்தேன். புரியாமல் செய்யவில்லை. அவள் சொல்ல வந்தது என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை ஊர் சுற்றினேன். செம்பூரிலிருந்து பஸ் ஏறிக் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினேன். பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை முப்பது ரூபாய், ஓட்டலில் ஃபில்டர் காப்பி நாற்பது ரூபாய். வாழையிலையும் வெற்றிலையும் அப்பளமும் விற்கிற அந்த வீதியில் நடக்கும்போது ஈப்போவின் லிட்டில் இந்தியா ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் பாதி மலாய் கலந்து பேசுவார், இங்கே உள்ளவர் பாதி இந்தி கலந்து பேசினார். இரண்டு பேருமே தமிழ் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு எழுதுபொருள் கடையில், ஓரத்தில் ரோஜாப்பூ அச்சிட்ட கடிதத்தாள் கட்டு ஒன்றை அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். இசக்கிக்காக. அவளுடைய பழைய தாளும் அதே பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன், தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு வகுப்பில் நுழைந்தபோது இசக்கியின் இடம் காலியாக இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். ஞாயிறு விடியற்காலையில் அம்மா போய்விட்டாள், அன்று மாலையே எரித்தும்விட்டார்கள் என்றார். என் பைக்குள் ரோஜாப்பூத் தாள் இருந்தது. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒரு ஆள் மட்டும் போகிற சந்து. கீழே ஒரு அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஒரு அறை. இசக்கி மேலே உறவுக்காரப் பெண்களோடு இருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மலேசியா டீச்சரா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி கண்ணாலேயே பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாளாம். மகள் உனக்குக் கடிதம் எழுதுகிறாள், டீச்சர் திருத்திக் கொடுக்கிறாராம், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று இவர் சொன்னாராம். சனிக்கிழமை அவள் விரலை மடக்கி எண்ணிக் காட்டினாளாம், இன்னும் இரண்டு நாள் என்று. குற்றம் சொல்வதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. அவள் கடைசியாகக் கேட்டது எது என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தாளை எடுத்துக் கொடுத்தேன். இது என் தப்பு, நான்தான் பிடித்து வைத்துவிட்டேன் என்றேன். பிழை இருந்தது, அதனால்தான் என்றும் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அவர் கண்ணுக்கு அருகே வைத்து, உதடு அசைய மெதுவாக வாசித்தார். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த சொல்லில் விரலை வைத்தார்.

"அவளுக்கு வெளங்கியிருக்கும், டீச்சர். எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான பேசுதோம்."

பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் வேண்டாம் என்றார்.

அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளின் வரிகளைப் பென்சிலால்தான் தொட்டேன், பல வரிகளைத் தொடவே இல்லை. குர்லா பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் பத்தொன்பது வருடமாக நான் வட்டம் போட்ட வரிகள் நினைவுக்கு வந்தன. ஈப்போவில் ஒரு பிள்ளை 'அப்பாவோட பசாருக்குப் போனேன்' என்று எழுதினால், நான் 'பசாருக்கு' என்பதை அடித்து 'சந்தைக்கு' என்று போடுவேன். அந்தப் பிள்ளை அப்பாவோடு போனதை ஒருநாளும் கவனித்ததில்லை. பிழை திருத்துவது தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற தாளைத் திருத்த எனக்கு என்ன உரிமை? தாள் போய்ச் சேர்ந்த பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே.

நான்காம் வாரத் திங்கட்கிழமை இசக்கி வந்தாள். தலைமுடியை யாரோ பழக்கமில்லாதவர்கள் பின்னியிருந்தார்கள், ஒரு சடை மேலே ஏறியிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அன்றைய வரி: 'நேற்று அப்பா சோறு ஆக்கினார்.' மறுநாள்: 'நாளை அத்தை வருவாள்.' ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு என் கையைப் பார்ப்பாள், பேனா இருக்கிறதா என்று. ரோஜாப்பூத் தாள்களை அவளிடம் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஸ்டெல்லா டீச்சரின் அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. இரவு விமானம். பிள்ளைகள் அட்டையில் படம் வரைந்து கொடுத்தார்கள், டீச்சர் ஒரு தோல் பர்ஸ் கொடுத்தார். படியில் இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கி இரண்டு படி மேலே நின்றாள். எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தவளைப்போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"நேத்து நீங்க வந்தீய. இன்னைக்கு வந்தீய. நாளைக்கு வரமாட்டீய." சொல்லிவிட்டு, "சரியா, டீச்சர்?" என்றாள்.

சரி என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்கு ஓடிப்போனாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் ஒரு சொல்லைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.