வீரம்மாளின் இடக்கைப் பெருவிரல்

ரயில் நிலையத்துக் கழிப்பறையில் துப்பாக்கி வெடித்தது என்னால். வீரம்மாள் அதைத் தொடவே இல்லை. அவள்தான் தொட்டாள் என்று எழுதிய கையும் என்னுடையதே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண் என்று என்னை மெச்சுகிறீர்களே... மெச்சியது போதும். இதைப் படியுங்கள்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். காட்டுப்பன்றிகளை விரட்ட அப்பாவிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. லைசென்ஸைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் அதைக் கோயமுத்தூர்க் கலெக்டர் கச்சேரியில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனு எழுத நானும் உடன் போவேன்.

வெடி வெடித்த அன்று புறப்படும்போது அப்பா கேட்டார். "தோட்டாவ எடுத்துப்போட்டியா கண்ணு?"

"எடுத்துப்போட்டனுங்கப்பா" என்றேன். எடுக்கவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை! பன்னிரண்டு வயதிலிருந்து என் பொறுப்பில் இருந்த வேலை அது. என்னைப் போய் ஒருவர் கேட்பதா என்ற திமிர்.

ரயில் மாற இறங்கிய நிலையத்தில், துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா அடுத்த வண்டியின் நேரம் விசாரிக்கப் போனார். பெண்கள் அறையில் இருந்தவர்கள் என்னை வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு இனித்தது. கழிப்பறைக்குப் போகும்போதும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டே போனேன். ஈரச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

சறுக்கியது. குழல் பின்சுவர்ப் பக்கம் சாய, தோட்டாவை அடிக்கும் குதிரை என்ற இரும்புக் கொண்டி கல்தரையில் மோதியது. அவ்வளவுதான்... காது அடைத்துப்போயிற்று.

பின்சுவரில், மலவாளியை எடுப்பதற்கு ஒரு சிறிய தகரக் கதவு. அதற்கு வெளியே குனிந்திருந்தாள் வீரம்மாள், அந்த நிலையத்தின் துப்புரவுக்காரி. ரவைகள் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போய் அவளுடைய வலக்கையைச் சிதைத்தன.

ஏட்டு வந்தார். "ஏனுங்க, காட்டுப்பன்னி கக்கூசுக்குள்ளயா வருது?" என்றார் அப்பாவிடம். ஒருத்தியின் கை போய்விட்டது, அவருக்குச் சிரிப்பு வருகிறது!

அப்பா என் காதருகே சொன்னார். "கேஸுல உம் பேரு வந்தா வாத்தியார் படிப்புக்கு எடம் கெடைக்காது கண்ணு. அவளே கைய உட்டு இழுத்துட்டான்னு எழுதிப்போடு." பிறகு ஏட்டைப் பார்த்து, "எம் பொண்ணு நல்லா எழுதுமுங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நான் மறுத்திருக்கலாம். நாக்கு இல்லையா எனக்கு?

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'வீரம்மாளாகிய நான், தகரக் கதவின் வழியே கையை விட்டுத் துப்பாக்கியை இழுத்தேன்...' முத்து முத்தான எழுத்து. நான் கற்ற கல்வி முதன்முதலில் பயன்பட்டது இதற்குத்தான்.

"என்னங்க அம்மணி எழுதியிருக்குது?" என்று கேட்டாள் வீரம்மாள்.

"துப்பாக்கி தானா உழுந்து வெடிச்சுதுன்னு."

"படிச்ச புள்ள சொன்னாச் செரிங்க" என்று இடக்கையை நீட்டினாள். வலக்கைதான் துணிப்பொதியாகக் கிடந்ததே. அந்தப் பெருவிரலை நானே பிடித்து, மையில் ஒற்றி, தாளில் அழுத்தினேன்.

வீட்டில், அவளைத் தொட்ட தீட்டுப் போக அம்மா என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். நானும் தலையைக் குனிந்து காட்டினேன். தீட்டு யார்மேல் இருந்தது? நீங்களே சொல்லுங்கள்!

அவளுக்கு வேலை போயிற்று. எனக்குப் படிக்க இடம் கிடைத்தது. இன்று சிங்காநல்லூரில் நான் ஆசிரியை.

போன மாதம் விசாரித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். வைவதற்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். "வேலைய மறுபடி கேட்டு ஒரு மனு எழுதுங்க அம்மணி. நீங்க எழுதுனா நடக்குமுங்க" என்றாள்.

எழுதினேன். உண்மையையா? இல்லை. 'இந்த ஏழைமேல் இரக்கம் காட்ட வேண்டும்' என்று எழுதினேன். கோழை!

பதில் வந்தது. உன் சொந்த வாக்குமூலத்தின்படியே குற்றம் உன்னுடையது, மனு தள்ளுபடி செய்யப்பட்டது என்று. அந்தத் தாளை என்னிடமே கொண்டுவந்தாள். வேறு யாரை நம்புவாள்?

"இன்னம் யோசன பண்றாங்களாமா. பொறுத்திருக்கச் சொல்லியிருக்குது" என்று வாசித்துக் காட்டினேன்.

"செரிங்க அம்மணி. அடுத்த சந்தைக்கு வாரேனுங்க."

நாளைக்குச் சந்தை. முந்தானையில் முடிந்திருக்கும் அந்தத் தாளை இடக்கையால் அவிழ்த்து நீட்டி, இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள்.

நானும் போன தடவை போலவே படிப்பேன்...