பெரியம்மா குடித்த திராட்சைத் தண்ணீர்

உலர் திராட்சையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அதன் மகிமையை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ரத்தம் ஊறுமாம், உடம்புச் சூடு தணியுமாம், மலச்சிக்கல் தீருமாம், கருப்பைக்கு பலமாம். கூடவே கைகூப்பும் பொம்மைகள் வேறு. இதில் மலச்சிக்கல் சங்கதி மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை, அதற்கு நானே சாட்சி. மற்றதைப் பற்றி நான் அங்கே வாய் திறப்பதில்லை. அந்தக் குழுவில் பெரியம்மாவும் இருக்கிறாள்.

நான் நாலாவது முடித்திருந்த கோடை விடுமுறை அது. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் செய்கிற பெரியப்பாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டிலோ அக்கா, நான் என்று இரண்டு பெண்கள். லீவு விட்டால் என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும். முறுகலான தோசைக்கு அங்கே அக்காவோடு சண்டை போட வேண்டியதில்லை.

அந்த வருடம் அம்மா என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். பெரியம்மாவும் பெரியப்பாவும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு வருவதாகவும், அங்கிருந்தே என்னைக் கூட்டிப்போவதாகவும் ஏற்பாடு. சேலத்து டாக்டர்களை எல்லாம் பார்த்து அலுத்துப்போய், யாரோ சொன்னார்கள் என்று திராட்சை வைத்தியத்துக்கு வந்திருந்தார்கள். கடையில் பளபளவென்று மஞ்சள் திராட்சை குவித்திருந்தது. பெரியப்பா அதைத்தான் காட்டினார்.

“அது பாயாசத்துக்குங்க. மருந்துக்குக் கொட்டை இருக்கற கருப்புத்தான் வேணும்” என்றார் கடைக்காரர். “சாயங்காலமே மண் கலயத்துல ஒரு கைப்பிடி ஊறப்போட்டுருங்க. காத்தால வெறும் வயித்துல பெசஞ்சு, அந்தத் தண்ணியோட சாப்புடோணும். சூடு தணியும், ரத்தம் ஊறும். அப்பறம் நல்ல சேதி தானா வரும்.”

பெரியம்மா எனக்குத் தலைக்கு கிளிப் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இதுவும் கேக்கலைன்னா சின்னவள எங்களுக்குக் குடுத்துரு கண்ணு. உங்கக்காளுக்குத் தெரியாமத்தான் கேக்கறேன்.”

சின்னவள் என்றால் நான்தான். அம்மா சண்டைக்குப் போவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “பாக்கலாங் மாமா” என்றாள். பார்க்கலாமாம்! என்னைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு எல்லாமே அதற்கான அத்தாட்சியாகத் தெரிந்தது. என் பையில் அம்மா தீபாவளிப் பாவாடையையும் வைத்திருந்தாள். லீவுக்குப் போகிற பிள்ளைக்குத் தீபாவளிப் பாவாடை எதற்கு? பஸ் ஏறும்போது என் கன்னத்தைத் தடவி, “பெரியம்மா சொல்றதக் கேட்டு இரு சாமி” என்றாள். வருடா வருடம் சொல்வதுதான். அன்றைக்கு அதைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாமகிரிப்பேட்டை போய்ச் சேரும்வரை திராட்சைப் பொட்டலத்தை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். இனி அதை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வைத்தியம் பார்த்தது நான்தான். பொழுது சாயும் முன்பே திராட்சையை அலசிக் கலயத்தில் போட்டுத் தட்டால் மூடிவைப்பேன். விடிந்ததும் பெரியம்மா பல் தேய்த்து முடிக்கும் வரை கலயத்தோடு பின்னாலேயே நிற்பேன். அவள் காபிக்குப் பால் எடுத்தால், “வெறும் வயித்துலன்னு சொன்னாங்கல்ல?” என்று அதட்டுவேன். குடித்து முடித்ததும் கலயத்தை வாங்கி எட்டிப் பார்ப்பேன். அடியில் ஒன்று ஒட்டியிருந்தாலும் விட மாட்டேன்.

பெரியம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அக்காவிடம், “பாத்தியா, எனக்கு மாமியா வாய்க்கலைங்கற குறையத் தீக்க வந்திருக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “ஏஞ்சாமி, என்ற மேல உனக்கு இத்தன அக்கறையா? பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது” என்றாள். அவள் சேலையில் எப்போதும் மஞ்சள் வாசம் அடிக்கும். அவள் பிடியிலிருந்து நழுவிக்கொண்டு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வயித்துல ஏதாச்சும் பண்ணுதா பெரியம்மா?”

ஒன்றும் பண்ணவில்லை. லீவு கரைந்துகொண்டே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் அம்மா பஸ் ஏறுகிற காட்சிதான். ஒரு கைப்பிடிக்கு இத்தனை நாளாகிறதென்றால் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டால் சீக்கிரம் கேட்குமே என்று தோன்றியது. அள்ளிப் போட்டேன். தண்ணீர் கஷாயம் போலக் கறுத்துக் கெட்டியாக இருந்தது. பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மீதியையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் அவள் வாந்தி எடுத்தாள்.

அடேயப்பா, அந்த வீடு அன்றைக்குப் பட்ட பாடு! பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பெரியம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டே, “அண்ணா, அதேதானுங்” என்று பெரியப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். சாதாரணமாகச் சிரிக்காத பெரியப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கார் பிடிக்க ஓடினார். நடுவில் பெரியம்மா கழிப்பறைக்கும் ஓடி ஓடி வந்தாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் பையை எடுத்துத் துணிகளை அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் ராசிபுரத்துக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று கலயத்தில் திராட்சையை ஊறப்போட்டேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். பெரியப்பா யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல, வெறும் வயித்துப்போக்குதானாம்” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். “திராட்சைதான் ஒத்துக்கல. கொஞ்ச நாளைக்கு அதத் தொடவே கூடாதுன்னுட்டாங்க.”

அவ்வளவுதான். வாசற்படியில் நின்றபடியே ஓவென்று அழுதேன். “அப்ப என்னைய இங்கயே குடுத்துருவீங்களா? பெரியப்பா கேட்டாங்க, அம்மா பாக்கலாம்னு சொல்லீட்டாங்க. நான் எங்கூட்டுக்குப் போவோணும். எனக்கு இங்க வேண்டாம்!”

பக்கத்து வீட்டு அக்கா சத்தமில்லாமல் எழுந்து போனாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்படி மேடையில் மூடிவைத்திருந்த கலயத்தைப் பார்த்தாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவள் சிரித்தாள்.

“யாரு, உன்னையவா? நீ திங்கற தீனிக்கு எங்களால கட்டுபடி ஆவாது சாமி. உங்கம்மாவே வெச்சுக் கும்புடட்டும்.”

என் எதிரிலேயே அம்மாவுக்கு போன் போட்டாள். “உன்ற மகளக் காத்தால கொண்டாந்து உடறேன். இவ சேட்டை எங்களால தாங்கல. யாரு கேட்டாலும் பாக்கலாம் கீக்கலாம்னு சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றாள். எனக்குக் கோபமாக வந்தது. ஊறப்போட்டது, கலயம் கழுவியது எல்லாம் நான், சேட்டை என்று எனக்கே பேர்! பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன். பிடிக்காவிட்டால் நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

காலையில் எழுந்தபோது என் பை தயாராக இருந்தது, தீபாவளிப் பாவாடை மேலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதுக் கிளிப்பை என் தலையில் குத்திவிட்டுப் பெரியம்மா அடுப்படிக்குப் போய் அந்தக் கலயத்தை எடுத்து வந்தாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, திராட்சையைக் கையால் பிசைந்தாள். “பாத்துக்க, நான் உடாமச் சாப்புடறேன். இனி நீ எதுக்கும் பயப்படக் கூடாது, என்ன?” என்று சொல்லிவிட்டு மடக்மடக்கென்று குடித்தாள். குடிக்கும்போது அவள் கண்கள் கலங்கின. கசக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கம்போலக் கலயத்தை வாங்கி எட்டிப் பார்த்தேன். “அடியில ஒண்ணு இருக்குது பெரியம்மா” என்றேன். அதையும் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.