விண்கலத்தில் போன வணக்கம்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் அறிவியல் கண்காட்சிக்காக அந்த ஒலிகளை என் செல்போனில் இறக்கி வைத்திருந்தேன். பல வருடங்களுக்கு முன் ஏவிய இரண்டு விண்கலங்களில், பூமியில் மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று முகம் தெரியாத யாருக்கோ சொல்ல, பொன்முலாம் பூசிய இசைத்தட்டு வைத்து அனுப்பினார்கள். அதில் மழை, தவளை, ரயில், சிரிப்பு, பிள்ளையோடு பேசும் தாய். ஒரு முத்தச் சத்தம்கூட உண்டு. அதைக் கண்காட்சியில் போடலாமா என்று எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரே கலக்கம். சூரியக் குடும்பத்தையே தாண்டிப் போகும் கலத்தில் முத்தத்தை ஏற்றிவிட இந்த மனுஷப் பயலுகளுக்கு என்ன துணிச்சல்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்க வைத்தேன்.

கோபமும் ஒன்று இருந்தது. அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வணக்கம் சொல்கிறார்கள்; தமிழைக் காணோம். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரையும் சலிப்படையச் செய்திருந்தேன்.

எனக்கு ஜாக்கெட் தைக்கும் அக்கா மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறார். பதினான்கு வயதில் திருகோணமலையிலிருந்து படகில் வந்தவர். எங்கள் கரையில் இலங்கை வானொலி நன்றாகவே எடுக்கும். அவர் தையல் மிஷின் பக்கத்தில் எந்நேரமும் பாட்டு ஓடும். சிங்களம் வந்தால் மட்டும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்துபோய் ரேடியோவை அணைப்பார். பட்ட பாடு அப்படி என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அளவு கொடுக்கப் போன ஒரு சாயங்காலம் அவருக்கும் போட்டுக் காட்டினேன். திமிங்கிலம் பாடியதற்கு வாயைப் பொத்திச் சிரித்தார். அடுத்து வணக்கங்கள் ஓடின. சிங்களம் வருமே என்று தள்ளிவிட விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் வந்துவிட்டது.

"ஆயுபோவன்."

"மன்னிச்சிருங்கக்கா, தள்ளிவிடுறதுக்குள்ள வந்துருச்சு" என்று அவசரமாக நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ டீச்சர்."

போட்டேன். நீண்ட ஆயுளோடு இருங்கள் என்று அர்த்தம் என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கலவரத்தின்போது பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இவர் குடும்பத்தில் ஐந்து பேரையும் தன் வீட்டு உள்ளறையில் மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தாராம். தேடி வந்தவர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாராம்.

"நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு அந்த மனிசி ரெண்டு கையையும் கும்பிட்டு இதைத்தான் சொன்னவ. நான் பயத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிட்டன். ஒரு வார்த்தை பதில் சொல்லேல்ல. ரேடியோவில அந்தப் பாஷையைக் கேட்டா இப்பவும் வெக்கமாக் கிடக்கு."

தமிழை விட்டுவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அன்று அதை வாயிலெடுக்க முடியவில்லை.

மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். அந்தக் குரல் சொல்லி முடித்ததும், கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். என் செல்போனைப் பார்த்துக் கைகூப்பி, "ஆயுபோவன், அம்மே" என்றார்.