உள்ளே ஆளில்லாத சந்தூக்கு

போலீசை ஏமாற்றும் அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். இத்தனை வருடம் கழித்து அதைக் கட்சித் தலைவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசை உண்டு. ஆனால் அன்றைக்கு எல்லோரும் முதுகில் தட்டியபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவனும் நான்தானே.

சிரம்பானில் எங்கள் கட்சி என்பது துணிக்கடை ஒன்றின் மாடி, கொஞ்சம் நாற்காலிகள், ஒரு பச்சைக் கொடி. தீன் என்கிற மார்க்கத்தையும் அரசியலையும் சேர்த்துப் பேசுகிற கட்சி என்று சொல்லிக்கொண்டோம். பேச்சுக்குக் குறைவே இல்லை. அங்கத்தினர்கள் கடைக்காரர்கள், சாப்பாட்டுக்கடை முதலாளிகள். நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் தெரியும் என்பதால் காரியதரிசி. பாலஸ்தீனத்தில் கலகம் மூண்டிருந்த சமயம் அது. ரயிலில் பத்திரிகை வந்து சேர்ந்ததும் நான் உரக்க வாசிப்பேன், கேட்டவர்கள் அழுவார்கள். அந்த அழுகை பொய்யில்லை, அதை இன்றும் சொல்வேன். அழுது முடித்ததும் யார் முதலில் பேசுவது என்று அடிபிடி நடக்கும். அதுவும் பொய்யில்லை.

ஊர்வலம் போக அனுமதி கேட்டோம். போலீஸ் மறுத்துவிட்டது. தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஊர்வலத்துக்குத்தானே பெர்மிட் வேணும்? மய்யித்துக்கு யாரு பெர்மிட் கேக்குறா?” என்றேன் நான்.

மய்யித்தை, இறந்தவர் உடலை, கபுர்க் குழிக்குத் தூக்கிப் போகும் மரப்பெட்டியை நாங்கள் சந்தூக்கு என்போம். எங்கள் பள்ளிவாசலில் அது ஒன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அதைக் காலியாகவே பச்சைத் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாகத் திடலுக்குப் போவது, அங்கே இறக்கிவைத்து, பாலஸ்தீனத்தில் மாண்டவர்களுக்காகத் தொழுவது என்று முடிவாயிற்று. தூரத்தில் இறந்தவர்களுக்குத் தொழ வெறுந்தரை போதும், சந்தூக்கே தேவையில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கிடையில் புதன்கிழமை, லாபு பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா ஆள் அனுப்பினாள். மச்சான் அங்கே பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது அவர்கள் இருவரும் நானும் மட்டும். வந்தவர் லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்.

“மச்சானுக்கு ஒரு வாரமா காய்ச்சல், பாய். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் குடுத்த கொய்னா மருந்து கேக்கல. நீங்க வந்து தொரைகிட்ட இங்கிலீசுல நாலு வார்த்த பேசினா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுப்பாராம். அக்கா கையோட கூட்டிட்டு வரச் சொல்லுச்சு.”

லாபு எங்கோ கண்காணாத சீமையில் இல்லை, சிரம்பானிலிருந்து ரயிலேறினால் அரைமணி நேரம்கூட ஆகாது.

“வெள்ளிக்கிழம முடியட்டும். சனிக்கிழம காலையில கண்டிப்பா வந்துடுறேன்னு சொல்லுங்கண்ணே” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். நான் திடல் தொழுகைக்கான நோட்டீசில் எழுத்துப்பிழை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சந்தூக்கின் முன்கால் என் தோளில் இருந்தது. பெட்டி கனக்கவேயில்லை, கனப்பதுபோல் நடந்தேன். சீனக் கடைக்காரர்கள் மரியாதைக்காகப் பாதிக் கதவைச் சாத்தினார்கள். முச்சந்தியில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் ஏந்தி இறந்தவருக்காக துஆ ஓதினார். கலிமா மட்டும் சொல்லிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? தபால் ஆபீஸ் தாண்டியதும் ஒருவர் கோஷம் போட்டார், நூறு குரல் பதில் போட்டது.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து மறித்து, இறந்தது யார் என்று கேட்டார். துணியை விலக்கச் சொன்னார். கைகளை ஏந்தியிருந்த அந்தப் போலீஸ்காரர் காலிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை.

தலைவர் எந்தச் சந்தில் நுழைந்து மறைந்தார் என்று தெரியவில்லை. தூக்கிவந்த நாங்கள் நாலு பேரும் சந்தூக்கும் ஸ்டேஷனுக்குப் போனோம். அதை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், எங்களை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“மச்சான் காலையிலேயே போயிட்டாரு, பாய். சந்தூக்கு எடுத்துட்டு வரச் சொல்லுச்சு அக்கா. பள்ளிவாசல்ல கேட்டேன், இங்கன இருக்குன்னாங்க.”

எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷை எல்லாம் கூட்டி இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: என் அக்கா புருஷன் இறந்துவிட்டார், பெட்டி வேண்டும், நான் போகவேண்டும்.

அவர் சிரித்தார். “இன்னொரு மய்யித்தா? இந்தப் பெட்டியில் இன்று இன்னும் எத்தனை பேரை ஏற்றப்போகிறீர்கள்?”

வந்தவர் தனக்குத் தெரிந்த மலாயில் சத்தியம் செய்தார், கையெடுத்துக் கும்பிட்டார். அவரையும் எங்கள் கட்சிக்காரர் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னை விட்டபோது மணி ஐந்து. சந்தூக்கை விடவில்லை. வெறுங்கையோடு லாபுவில் இறங்கித் தோட்டத்துக்கு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் பெட்டியோடு வந்து, குளிப்பாட்டி, தொழுது, அவர்கள் ஊர் மையவாடியில் அடக்கிவிட்டார்கள். மச்சானை அதற்கு முன் பார்த்தேயிராதவர்கள் அவர்கள். கபுரில் இறக்க உறவென்று ஒரு கை இல்லை.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

“நேத்து எழுந்து ஒக்காந்து சவரம் பண்ணிக்கிட்டாரு” என்றாள். “கை நடுங்கி ரெண்டு எடத்துல வெட்டிக்கிட்டாரு. சனிக்கிழமதான் வருவான்னு சொன்னேன், கேக்கல. அவனுக்கு மனசு கேக்காது, இன்னிக்கே வந்துடுவான்னாரு. தொர முன்னாடி உன்கூட நிக்கிறப்ப உனக்கு அவமானமா இருக்கக்கூடாதாம்.”